பூச்சி தின்னும் செடியும் எங்கள் மீனுவும்

கிருஷ்ணகிரி வீட்டு ஜன்னலோரம் வீனஸ் ஃபிளைட்ராப் வளர்க்கிறேன். பூச்சி தின்னும் செடி. எங்கள் பூனை மீனுவுக்கு விஷமில்லை என்று விசாரித்துத்தான் வாங்கினேன்; பூனையால் செடிக்கு வரும் ஆபத்து தோன்றவே இல்லை. இலைக்குள் இருக்கும் முடியை 20 விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் வாய் மூடிக்கொள்ளும். மீனுவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. வெறும் வாயை மூடி மூடியே இலைகள் கருத்தன.

போர் தண்ணீரும் சரியில்லை. பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் உப்பு இதற்கு ஆகாது. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். அப்புறம் அம்மா, கோழிக்குஞ்சு மூடும் கம்பிக் கூடையை எடுத்துக் கவிழ்த்தார். வெயில் நுழைகிறது, ஈ நுழைகிறது, மீனுவின் கால் நுழையவில்லை. நடுவிலிருந்து ஐந்து புது இலைகள் வந்துவிட்டன. மீனு கூடை மேலேறித் தூங்கி வெயிலை மறைப்பதுதான் இப்போதைய வழக்கு.