பெயர் தெரியாத இன்ஸ்டாலரா? ஹாஷைக் கேளுங்கள்

டவுன்லோட் ஃபோல்டரில் 'செட்டப் (3)' என்று ஒரு ஃபைல். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று நினைவில்லையா? லினக்ஸ் டெர்மினலில் ஷா256சம் கட்டளையோடு ஃபைல் பெயரைக் கொடுங்கள்; விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ். 64 எழுத்தில் ஒரு சரம் வரும்; அதுதான் ஹாஷ், ஃபைலின் கைரேகை மாதிரி. அதை அப்படியே வைரஸ்டோட்டலில் (ஃபைல்களில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் இணையதளம்) தேடுங்கள். பலரும் பயன்படுத்தும் பேக்கேஜ் என்றால் பெரும்பாலும் பெயர் வந்துவிடும், ஃபைலை அப்லோட் செய்யவே வேண்டாம்.

ஒரு பைட் மாறினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். அதனால் 'கிட்டத்தட்ட அதே ஃபைல்' என்ற பேச்சே இல்லை. முதல் நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டு சரி என்று விடுகிற ஆள்தான் நானும். நீங்கள் தேடலில் வந்த சரத்தோடு முழுதாக ஒப்பிடுங்கள். அப்புறம், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே எம்டி5 வரும் இரு வேறு தரவுகளை 2004இலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.