களஞ்சியக் கதவிலிருந்து தொடங்குங்கள்: சுமேரிய, அக்காதிய அரசதிகாரத்தைக் கற்பிக்கும் முறை

பண்டைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர், அக்காதியர் பற்றிய பாடத்தை மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதே வழக்கம். அப்படித் தொடங்கினால், மன்னன் எங்கிருந்து வந்தான், மக்கள் ஏன் அவனுக்குக் கட்டுப்பட்டார்கள் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. புதுச்சேரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கோடை விடுமுறையில் இப்பாடத்தை நடத்திப் பார்த்ததில், தானியக் களஞ்சியத்தின் கதவில் தொடங்கி அரண்மனையில் முடிப்பதே சரியான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு இரண்டரை மணி நேரம் போதும்.

முதலில் மண் வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை செய்பவர்களிடம் கேட்டால் மணல் நீக்கிப் பிசைந்த களிமண் கிடைக்கும். பத்துப் பேருக்கு நான்கு கிலோ தாராளம். மண் விரலில் ஒட்டாமல், சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுகிய பதத்தில் இருக்க வேண்டும். முதல் முறை நான் நீர்த்த மண்ணைக் கொடுத்துவிட்டு, செய்த பலகைகளை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தேன். மாலைக்குள் எல்லாம் பிளந்துவிட்டன. நிழலில்தான் உலர்த்த வேண்டும். இவை தவிர, கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டிகள், குண்டூசி, முகப்பவுடர், சீவாத உருண்டைப் பென்சில்கள், சணல் கயிறு, மூடியுள்ள ஒரு மரப்பெட்டி, ஐந்து கிலோ நெல், ஒரு லிட்டர் அளவுக் குவளை ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

வரைபடத்தை நீண்ட நேரம் காட்ட வேண்டியதில்லை. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளையும், தெற்கே எரிது, ஊர் (அந்த நகரத்தின் பெயரே இதுதான்), உரூக், லகாஷ், உம்மா ஆகிய நகரங்களையும், அவற்றுக்கு வடக்கே நிப்பூரையும் கிஷ் நகரையும் குறித்தால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடலூரில் ஆண்டுக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, தென் ஈராக்கில் அது 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வாய்க்கால் இல்லாமல் அங்கே ஒரு பிடி பார்லியும் விளையாது. உரூக் நகரின் மதில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. இங்கிருந்து வில்லியனூர் வரை நடக்கும் தூரம் என்றால் கண்ணை விரிப்பார்கள்.

இனி முத்திரை. ஒவ்வொருவரும் ஒரு சுண்ணக்கட்டித் துண்டைச் சுற்றிலும் குண்டூசியால் கீறி, ஆடு, கதிர், மீன் என்று தமக்குரிய ஓர் உருவத்தைச் செதுக்கட்டும். பவுடர் தூவிய களிமண்ணில் அதை உருட்டினால் உருவம் இடவலம் மாறிப் புடைப்பாக எழும். பெயரை எழுதியவர்கள் அப்போதுதான் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிறகு நெல்லைப் பெட்டியில் கொட்டி மூடி, கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் களிமண்ணை அப்பி, ஒரு மாணவியின் முத்திரையை அதில் உருட்டச் செய்யுங்கள். சுமேரியக் களஞ்சியங்களின் கதவுகளும் இப்படித்தான் காக்கப்பட்டன: கதவிலிருந்து வந்த கயிற்றைச் சுவரிலிருந்த முளையில் சுற்றி, அதன்மேல் மண்ணை அப்பி முத்திரையிட்டார்கள். எந்தத் திருடனும் உடைத்துவிடக்கூடிய பூட்டு அது. ஆனால் உடைத்ததை மறைக்க முடியாது. யாருடைய முத்திரையை உடைக்க ஊர் அஞ்சுகிறதோ அவரிடம் அதிகாரம் இருக்கிறது என்பதை அந்தப் பெட்டியைக் காட்டியே சொல்லிவிடலாம்.

அடுத்து கணக்கு. உள்ளங்கையளவு பலகை செய்து, பென்சிலின் பின்புறத்தைச் சாய்த்து அழுத்தினால் நகக்குறி போன்ற தடம் விழும், அது ஒன்று. செங்குத்தாக அழுத்தினால் வட்டக்குழி. ஆடுகளை எண்ணும்போது அது பத்து, பார்லியை அளக்கும்போது அதே குழி ஆறு. ஏன் இப்படி என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும், எழுத்தர் என்றொரு தனி வகுப்பு தேவைப்பட்டதே அந்தச் சலிப்பால்தான். உரூக்கில் கிடைத்த 5000 ஆண்டுப் பழமையான பலகைகளில் மிகப் பெரும்பான்மை இத்தகைய வரவுசெலவுகளே. தெய்வத் துதியோ மன்னர் புகழோ அல்ல.

பெட்டியைத் திறந்து கூலி அளக்கும் கட்டம் இது. கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரை ஆண்ட மூன்றாம் வமிசத்தின் காலத்தில், உழைக்கும் ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லியும் பெண்ணுக்கு 30 சிலாவும் பொதுவான கூலிப்படியாக இருந்தன; ஒரு சிலா என்பது சுமார் ஒரு லிட்டர். குவளையால் இரண்டு அளந்து ஒரு மாணவனுக்கும், ஒன்று அளந்து ஒரு மாணவிக்கும் கொடுங்கள். நாள்படியின் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்ததும் வரும் சண்டையைத் தடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகே பட்டங்கள். ‘என்’ என்பது உரூக்கில் வழங்கிய தலைமைப் பட்டம். ‘என்சி’ நகரத்தை ஆண்டவன். ‘லுகல்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘பெரிய ஆள்’ என்பதே. லகாஷுக்கும் உம்மாவுக்கும் இடையே கு-எடின்னா என்ற வளமான நிலத்துக்காகப் பல தலைமுறைகள் நீண்ட போர் நடந்தது. நம்மூர் வரப்புத் தகராறுபோலவே அதிலும் எல்லைக்கல் பிடுங்கப்பட்டது, பஞ்சாயத்து நடந்தது. கல் நட்டவன் கிஷ் நகரின் மன்னன் மெசிலிம். கி.மு. 2450 அளவில் லகாஷின் எயன்னாத்தும் என்ற மன்னன் தன் வெற்றியைச் செதுக்கிய கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மாணவர்களை இரு ஊராகப் பிரித்து, வாய்க்கால் தலைமடையில் இருப்பவர் யார், கடைமடையில் இருப்பவர் யார் என்று வழக்காட விடுங்கள்.

அக்காதிய மன்னன் சர்கோனை இறுதியில் கொண்டு வாருங்கள். கி.மு. 2334 அளவில் ஆட்சிக்கு வந்த அவன், உம்மாவிலிருந்து எழுந்து உரூக்கை ஆண்ட லுகல்-சாகேசியை வென்று, கழுத்தில் கட்டை பூட்டி நிப்பூரில் என்லில் தெய்வத்தின் வாயிலுக்கு இழுத்துச் சென்றதாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். மெலுக்கா, மாகன், தில்முன் நாடுகளின் கப்பல்களைத் தன் தலைநகர் அக்காதின் துறையில் கட்ட வைத்ததாகவும், நாள்தோறும் 5400 பேர் தன் முன் உண்டதாகவும் அதே கல்வெட்டு மரபு கூறுகிறது. மெலுக்கா என்பது சிந்துவெளி என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் உண்ட கணக்கில்தான் சாரம் இருக்கிறது: பின்னாளைய படியான நாளொன்றுக்கு இரண்டு சிலாவையே வைத்துப் பெருக்கினாலும் 10,800 லிட்டர், நெல்லாகக் கொண்டால் 75 கிலோ மூட்டையில் தினமும் 80 மூட்டைக்கு மேல். அதை ஒரே நகரத்தின் வயல் தாங்காது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வென்ற நகரங்களில் சர்கோன் தன் ஆட்களை என்சிகளாக அமர்த்தியதும், தன் மகள் என்ஹெடுவன்னாவை ஊர் நகரில் நிலாத் தெய்வமான நன்னாவின் கோயிலுக்குத் தலைமைப் பூசகியாக்கியதும் அதன் பின் தாமாகவே விளங்கும்.

அவன் பேரன் நராம்-சின் தன்னைத் தெய்வமாக அறிவித்துக்கொண்டதைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்லும். அக்காதிய ஆட்சி அளவைகளைச் சீர்ப்படுத்தி, ‘அக்காதின் குர்’ என்று 300 சிலா கொண்ட முகத்தலளவையை வழங்கியதையே நான் பெரிதாகச் சொல்வேன். நம் பக்கத்திலும் இதே கதைதான்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் ‘ஆடவல்லான் என்னும் மரக்காலால்’ அளக்கப்பட்டது. அந்த மரக்கால், இராஜகேசரி என்ற அரச அளவையோடு ஒத்தது என்றும் அங்கே பொறித்திருக்கிறார்கள். அரசன் பெயரைத் தாங்கிய மரக்கால் வீட்டு முற்றம்வரை வருகிறது. மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி கோயில் சுவரோடு நின்றுவிடுகிறது.

மெய்க்கீர்த்தியை நம்பும் அளவுக்கே சுமேரிய மன்னர் பட்டியலையும் நம்பச் சொல்லுங்கள். எரிதுவில் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டதாகக் கூறும் அது, அவ்வளவு கல்வெட்டுகளை விட்டுச்சென்ற லகாஷ் மன்னர்களை அடியோடு விட்டுவிடுகிறது. ஏன் விட்டது என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் பலகைகளை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்து, மண்ணை அடுத்த முறைக்குச் சேர்த்து வையுங்கள். சுமேரிய எழுத்தர்களும் வேலை தீர்ந்த பலகைகளை இவ்வாறே நனைத்துப் பிசைந்து திரும்பப் பயன்படுத்தினார்கள். மிஞ்சிய நெல்லைப் பெட்டியிலிட்டுப் புதிதாக முத்திரையிட்டு, எறும்பு வராத இடத்தில் வையுங்கள். அடுத்த வாரம் மண் காய்ந்து விரிசல் விட்டிருக்கும்; உருவம் கலையாமல் இருக்கிறதா என்று முத்திரைக்கு உரியவளே பார்த்துச் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.