ஆற்று மண் போகிறது: கோயில் எடுக்க வேண்டிய கொப்பி

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். தடித்த அட்டை போட்ட, கோடிட்ட கணக்குக் கொப்பி. முதற்பக்கத்தில் கோயிலின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். பரிபாலன சபைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி, கோயில் முத்திரையையும் குத்துங்கள். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் இனி அதில்தான் ஏற வேண்டும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆற்றோரக் கிராமமொன்றில் அறநெறி வகுப்பு எடுப்பவள். ஆற்றில் மண் அள்ளுகிறார்கள், குளத்துக்கு மேலே காட்டில் கிரவல் கிண்டுகிறார்கள், கோயில் என்ன செய்யலாம் என்று அயலூர்ச் சபைக்காரர் சிலரும் ஒரு பங்குத்தந்தையும் கேட்டார்கள். கேட்பவர்களில் அநேகர் மனத்தில் ஏற்கெனவே ஒரு விசேட பூசையும் ஊர்வலமும் இருக்கும். இரண்டையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை பிறகு வரட்டும். மழை வேண்டி அபிஷேகம் செய்த கோயிலிலேயே, மதில் கட்ட எங்கிருந்து வந்தது என்று யாரும் கேளாத மண் இறங்குவதையும் கண்டிருக்கிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அதனால் மலையில் நடப்பது எங்கள் வீட்டில் அயலார் செய்தி அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், ஆற்று நீரைத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கப் பாதைக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இப்படி ஒன்று நடந்தபின் "என் கிணற்றில் முன்பு எவ்வளவு தண்ணீர் நின்றது" என்று நிறுவ எழுத்தில் ஏதும் இல்லாதவர் வாயால்தான் வாதாட வேண்டும். நான் கொப்பியில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோங்கிரியா கொந்த் மக்களுக்கு அந்த மலை நியம் ராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். பொக்சைட் தோண்ட வந்தபோது, அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்துவிட்டன. அங்கே சாமியின் பெயர் சட்டத்துக்குள் செல்ல 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிவிட்டது. இலங்கையில் எங்களுக்கு அந்த வழி இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் போய் "இது அம்மனின் ஆறு" என்றால் உத்தியோகத்தர் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். அளவு கொண்டுபோனால் அதைக் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டும்.

கிணறு அளப்பது

நாள் பூரணை. அன்று அரச விடுமுறை, பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள், கோயிலிலும் பூசை இருக்கும். மாதம் தவறாமல் வரும் நாளை யாரும் மறக்கவும் முடியாது. தேவாலயமாயின் மாதத்தின் முதல் ஞாயிறு பொருந்தும்.

ஆறேழு கிணறுகள் போதும். ஆற்றுக்கு அருகில் மூன்று, ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளி மூன்று, கோயில் கிணறு. தள்ளியுள்ள கிணறுகளை விட்டுவிடாதீர்கள். ஆடி ஆவணியில் வன்னியில் எல்லாக் கிணறும் கீழே போகும். "வரட்சி அம்மா, என்ன செய்வது" என்று ஒரே வரியில் உங்களை அனுப்பிவிடலாம். தள்ளியுள்ள கிணறு ஓர் அடி இறங்க, ஆற்றோரக் கிணறு நான்கு அடி இறங்கினால் அந்தப் பதில் நிற்காது. ஆற்று மணல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆற்றின் அடியைத் தோண்டித் தாழ்த்தினால் பக்கத்து நிலத்தின் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு வடியும். கடலுக்குக் கிட்டிய ஊர்களில் உவர் ஏறும். ஆகவே அளவோடு சேர்த்துத் தண்ணீரின் சுவையையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்.

கிணற்றுக் கட்டின் விளிம்பில் பெயின்ற்றால் ஒரு புள்ளி. எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்து தண்ணீர் வரை. விடியற்காலை, யாரும் மோட்டார் போடுவதற்கு முன். கயிறு வேண்டாம், நைலோன் இழுபடும். மேசன்மார் வைத்திருக்கும் நீள நாடாவின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி இறக்குங்கள். அளப்பது வகுப்புப் பிள்ளைகள், பக்கத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் நிற்க வேண்டும். கட்டில்லாத கிணற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். திகதி, நேரம், சென்ரிமீற்றர், அளந்தவர் பெயர், கடைசி மழை எப்போது. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் எழுதுங்கள். அழித்து எழுதிய கொப்பியை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆற்றுக்கும் ஒரு அளவு வேண்டும். பாலம் இருந்தால் பாலத்தின் ஒரு குறித்த இடத்திலிருந்து மணல் வரை, மாரி முடிந்ததும் ஒரு முறை, சிறுபோகம் முடிந்ததும் ஒரு முறை. அதே இடத்தில் நின்று கரை மருத மரத்தைப் படம் எடுத்து வையுங்கள். வேர் வெளியே தெரியத் தொடங்கினால் கரை போகிறது என்று அர்த்தம்.

பூரணைப் பூசை முடிந்து விபூதி கொடுப்பதற்கு முன் அன்றைய அளவுகளை ஒருவர் உரத்து வாசிக்க வேண்டும். எனக்கு இந்தப் பகுதியில்தான் மிகவும் நம்பிக்கை. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் கடல் நீரெடுத்து விளக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்த சனங்களுக்குத் தண்ணீரும் தெய்வமும் வேறு வேறு அல்ல. கிணற்றின் அளவைச் சந்நிதியில் வாசிப்பதை யாரும் புதினமாகப் பார்க்கமாட்டார்கள். கூட்டத்துக்கு வராதவரும் பூசைக்கு வருவார்.

மண் ஏற்றும் டிப்பர்காரர் உங்கள் உபயகாரராக இருந்தால்

இருப்பார். ஐந்தாம் திருவிழா அவருடையதாக இருக்கும், அன்னதான மண்டபத் தகரமும் அவர் போட்டதாக இருக்கும். ஒலிபெருக்கியில் அவரைப் பற்றிப் பேசிவிட்டு உபயத்தைத் திருப்பிக் கொடுக்கும் வீரம் எனக்குப் பிடிப்பதில்லை. ஊர் இரண்டாகும், கொப்பியும் ஒரு கட்சியின் கொப்பி ஆகிவிடும். அவரை விட வயதில் மூத்த இருவர் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். முற்றத்தில் இருந்து, தேநீர் குடித்து, "தம்பி, உன் மாமியின் கிணறு இவ்வளவு இறங்கியிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். மாமியின் கிணறு உண்மையிலேயே கொப்பியில் இருக்க வேண்டும். பெயரையும் அளவையும் காட்டினால் வாதம் குறையும்.

அதற்கு முன் சபை தன் கையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கோயில் வேலைக்கு வரும் ஒவ்வொரு கியூப் மண்ணுக்கும் கொண்டுவருபவரின் போக்குவரத்து அனுமதிப்பத்திரப் பிரதி வாங்கிக் கோப்பில் போடுவதென்று தீர்மானம் எழுதுங்கள். கும்பாபிஷேகம் ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும். மண் வியாபாரம் செய்யும் சபை உறுப்பினர் இந்த விடயத்தில் கையொப்பமிடாமல் விலகி நிற்க வேண்டும்.

டிப்பர் ஓட்டும் பிள்ளைகளைக் கள்ளர் என்று பேசாதீர்கள். லீசிங் கட்டுகிறார்கள், வேறு வேலை இல்லை. இரவில் வாகனத்தை மறிக்கவும் போகாதீர்கள். இளைஞர் கழகம் உற்சாகமாகக் கிளம்பும், தடுத்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு. இலக்கத் தகடும் நேரமும் வீட்டு வாசலில் இருந்தே குறிக்கலாம். அதை எழுதியவரின் பெயர் மட்டும் கொப்பியில் வேண்டாம்.

கடிதம்

அகழ்வு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளமென்றால் கமநல சேவை நிலையம் பொறுப்பு, பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். பிரதேச செயலாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதி அனுப்புங்கள்.

முறைப்பாட்டுக்கு முன் தகவல் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பலர் கவனியாத ஒன்று இருக்கிறது: உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் ஒரு சங்கமும் விண்ணப்பிக்கலாம். எனவே தனியாள் பெயர் தேவையில்லை, சபையின் பெயரில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. கேட்க வேண்டியவை: அனுமதிப்பத்திர இலக்கம், எல்லையைக் காட்டும் வரைபடம், எத்தனை கியூப், எப்போது முடிகிறது, என்னென்ன நிபந்தனை, யார் சிபாரிசு. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

பதில் வந்ததும் வரைபடத்தை உங்கள் கிணறுகளோடு வைத்துப் பாருங்கள். எல்லைக்கு வெளியே அகழ்வு நடந்தால் முறைப்பாடு இரண்டு வரியில் முடிந்துவிடும். அனுமதி இருக்கிறது, எல்லைக்குள்ளேதான் நடக்கிறது, ஆனாலும் கிணறு இறங்குகிறது என்றால் வேலை கடினம். அனுமதியைப் புதுப்பிக்கும் காலத்துக்கு முன் கிணற்று அளவுகளைப் பிரதி எடுத்து எல்லா அலுவலகங்களுக்கும் கொடுங்கள்.

வரைபடத்தில் இல்லாத ஐயனார்களையும் எழுதிக் கொடுங்கள். குளக்கட்டு மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் மட்டும் உள்ள இடங்கள், நாகதம்பிரான் புற்று, பழைய சிலுவையடி, மையவாடி. ஆனால் புதிதாகச் சிலை நட்டு இடம் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது எங்கே போய் முடியும் என்று இந்த மாவட்டங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றின் கடிதத் தலைப்பிலும் ஒரே கடிதம் போனால் அதை ஒரு சமயத்தின் சண்டையாகத் தள்ள முடியாது. கத்தோலிக்க அயலவருக்கு 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் சூழல் பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இருக்கிறது, அவர்களை நீங்கள் இணங்க வைக்க வேண்டியிராது. 2025 இல் மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக நின்றவர்களில் குருமாரும் இருந்தார்கள்.

மாரிக்கு வேறொரு பக்கம் ஒதுக்குங்கள். 2018 மார்கழி வெள்ளத்தை எங்கள் மாவட்டம் மறக்கவில்லை, 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் சரிவையும் இங்கே வெள்ளத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. மண்டபத் திறப்பு யாரிடம், பெரிய கிடாரம் எங்கே, வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போட யாரை அழைப்பது என்று மூன்று வரி எழுதிவிட்டால் போதும்.

ஒருமுறை தடுத்துவிட்டால் கொப்பியை மூடிவிடாதீர்கள். எல் சல்வடோரில் கத்தோலிக்கத் திருச்சபையும் சனங்களும் சேர்ந்து நின்று 2017 இல் உலோகச் சுரங்கங்களுக்கு நாடு முழுவதும் தடை கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. எங்கள் ஊர்களில் வென்றதை இழக்கச் சட்டமே மாற வேண்டியதில்லை, கோயில் சபை மாறினால் போதும். ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய செயலாளர் புதியவரிடம் கையளிக்கும் பொருட்களின் பட்டியலில், உண்டியல் திறப்புக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் அடுத்த வரியில், "கிணற்றுக் கொப்பி, அளவு நாடா" என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.