புரட்சியில் பிரிந்த குடும்பம்: 1917 ரஷ்யாவை மேடை நாடகமாக எழுதும் முறை

இந்தக் கதையை எடுப்பவர்கள் பெரும்பாலும் அண்ணனைப் புரட்சி அரசை எதிர்த்த வெள்ளைப்படையிலும் தம்பியை அந்த அரசின் செஞ்சேனையிலும் சேர்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருவரையும் கொள்கை பேசவிடுகிறார்கள். பத்தே நிமிடத்தில் நாடகம் பட்டிமன்றமாகிவிடும். பிரிவுக்கான காரணத்தைப் பேச்சில் தேடாமல் ஆணைகளில் தேடுங்கள்.

அண்ணன் ஜார் காலத்து ராணுவ அதிகாரி என்று வைத்துக்கொள்வோம். 1918 கோடையில் அத்தகைய அதிகாரிகளைச் செஞ்சேனை கட்டாயமாகச் சேர்த்தது. எதிரிப் பக்கம் ஓடுபவரின் குடும்பத்தைக் கைது செய்யும்படி அந்த இலையுதிர்காலத்தில் செஞ்சேனையின் தலைவர் ட்ரோட்ஸ்கி உத்தரவிட்டார். ஆக, செஞ்சேனையை வெறுக்கும் அண்ணன் அம்மாவுக்காகவே அதில் நீடிக்கிறான். தம்பியோ தெற்கே வெள்ளைப்படைத் தளபதி தெனீகினிடம் போய்விட்டான். இனி அண்ணன் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அம்மாவின் உயிர் தொங்குகிறது. நாடகத்தின் முதுகெலும்பு இதுதான்.

வீட்டுக்குள் நடப்பதை ரொட்டியை வைத்து எழுதுங்கள். 1918 வசந்தத்தின் மோசமான நாட்களில் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரொட்டி, ஃபுன்ட் என்ற பழைய ரஷ்ய எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 கிராம். கோடையில் வர்க்கவாரி ரேஷன் வந்தது. உடலுழைப்பாளிகளுக்கு அதிகம், பழைய செல்வந்தர்களுக்கு மிகக் குறைவு. சோவியத் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மகளோடு அம்மா பேசுவதில்லை. ஆனால் அவள் ரேஷன் அட்டையில் வந்த ரொட்டியைத்தான் சாப்பிட வேண்டும். மேடையில் உண்மையாகவே 50 கிராம் கம்பு ரொட்டியை நிறுத்து வெட்டுங்கள். மகள் தன் துண்டிலிருந்து பாதியைத் தள்ளிவைக்க, அம்மா அதைப் பார்க்காமலே எடுக்கட்டும். வசனம் வேண்டாம். அந்த அமைதியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

ஐந்து காட்சிகள் போதும்: 1917 பிப்ரவரி, 1917 அக்டோபர், 1918 கோடை, 1919 இலையுதிர்காலம், 1920 நவம்பர். 1919 காட்சி தவறக்கூடாது. தெனீகினின் படை மாஸ்கோவுக்குத் தெற்கிலுள்ள ஓரியோல் நகரைப் பிடித்து தலைநகரை நெருங்கியது அப்போதுதான். தம்பி வெற்றிக்கு மிக அருகில் வருகிறான், வீடோ ஆபத்துக்கு மிக அருகில்.

அதிகம் சறுக்குவது தேதியில். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. அதனால்தான் அக்டோபர் 25இல் நடந்த புரட்சிக்கு சோவியத் காலத்தில் நவம்பர் 7இல் விழா எடுத்தார்கள். 1918இல் ஜனவரி 31க்கு மறுநாளே பிப்ரவரி 14. திருச்சபை பழைய கணக்கையே பின்பற்றியது. பாட்டி ஒரு தேதியும் பேத்தி இன்னொரு தேதியும் சொல்லிக்கொண்டே ஒரே வீட்டில் வாழ்வதைக் காட்ட இது நல்ல வாய்ப்பு. ஊர்ப் பெயரும் கவனம்: 1914 முதல் 1924 வரை பெட்ரோகிராட், அதன் பிறகே லெனின்கிராட்.

உடையில் தோள்பட்டைச் சின்னங்களைப் பாருங்கள். 1917 டிசம்பரில் அவை ஒழிக்கப்பட்டன, செஞ்சேனைக்குத் திரும்ப வந்தது 1943இல்தான். செஞ்சேனைச் சீருடையில் அண்ணன் வரும்போது தோள் வெறுமையாக இருக்க வேண்டும். தம்பிக்கு அவை உண்டு.

கடிதங்களைக் குறையுங்கள். போர்முனையைத் தாண்டி ஒழுங்கான தபால் கிடையாது. அம்மா வாரம்தோறும் தம்பியின் கடிதம் படித்தால் பிரிவே பொய்யாகிவிடும். 1920 நவம்பரில், தெனீகினுக்குப் பிறகு வெள்ளைப்படைக்குத் தலைமையேற்ற விராங்கெலின் படையோடு சுமார் ஒன்றரை லட்சம் பேர் கிரிமியாவிலிருந்து கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போனார்கள். தம்பி அதில் ஒருவன். மேடையின் ஒரு பாதியில் கப்பல்துறை, மறு பாதியில் பெட்ரோகிராட் வீடு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துங்கள்; தம்பி போன சேதி வீட்டுக்கு வரவே வேண்டாம்.