சுவிட்சைப் பார்க்காமல் கண்டன்சரை மாற்றாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி மரம் கடையும் தன் சின்ன லேத்தின் மோட்டாரைத் தனியாகக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, கண்டன்சர் புதுசு. போன மாசம்தான் மாத்தினேன். மறுபடியும் உர்ருங்குது, சுத்த மாட்டேங்குது." கண்டன்சர் என்பது சார்ஜைத் தேக்கி மோட்டார் கிளம்ப உதவும் டப்பா. எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. இதே வார்த்தைகளை நானும் ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். கடைசியில், கருகிய காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, மறுபடி கட்டிய கூலிதான் மிச்சம். பார்க்காமல் விட்டது மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சுவிட்சை; நாம் கையால் போடும் ஆன்-ஆஃப் சுவிட்ச் அல்ல.

பிளக்கைப் பிடுங்குங்கள், ஒயரைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கையால் சுற்றிவிட்டு வேலையை ஓட்டுவது

எப்போதும் லைனில் இருக்கும் ரன்னிங் காயில் மட்டும் வேலை செய்தால் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் காந்தப்புலம் சுழலாது, நின்ற இடத்திலேயே துடிக்கும். அந்தத் துடிப்புதான் நமக்குக் கேட்கும் உறுமல். ஸ்டார்ட்டிங் காயிலும் கண்டன்சரும் சேர்ந்துதான் எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவு செய்கின்றன. அவை வேலை செய்யாதபோது, நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் மோட்டார் அந்தப் பக்கமே ஓடும். தலைகீழாகத் தள்ளிவிட்டால், மரையில் திருகியிருக்கும் சக்கு (கட்டையைப் பிடிக்கும் தலை) ஓட்டத்திலேயே கழன்று வரும். விரல் சக்கின் தாடையில் சிக்குவது தனிக் கதை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சோதனைக்காக ஒரு தடவை தள்ளிப் பாருங்கள், அதோடு சரி. உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சில நொடிகளுக்கு மேல் விடவே கூடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பது

230 வோல்ட் லைனின் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த அளவுக்கு ஏறி நிற்கும் 150 மைக்ரோ ஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) கண்டன்சர் கையை உதறவைக்கும். நல்ல நிலையில் உள்ள மோட்டாரில் வேகம் குறையும்போது உள்ளே இருக்கும் சுவிட்ச் மறுபடி மூடிக்கொள்ளும், சார்ஜ் காயில் வழியாக இறங்கிவிடும். சுவிட்ச் கெட்டிருந்தால் அது அப்படியே நிற்கும். நாம் மூடியைத் திறப்பதோ எப்போதும் கெட்ட மோட்டாரைத்தான்.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து "பட்" என்று அடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்த டிரைவரின் நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இன்சுலேஷன் உள்ள இரண்டு கிளிப் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். 15 நொடி பிடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கையை வையுங்கள்.

கண்டன்சரை இருந்த இடத்திலேயே அளப்பது

ஒரு ஒயராவது கழன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்துக் காயிலையும் அளக்கிறீர்கள்.

உருவத்தைப் பார்த்து வாங்குவது

கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் வருவது பெரும்பாலும் ஸ்டார்ட் கண்டன்சர். 70 முதல் 300 மைக்ரோ ஃபாரட், அதற்கு மேலும் உண்டு. சில நொடி வேலைக்கென்றே செய்தது. ரன் கண்டன்சர் சிறிய எண்ணில், சுமார் 2 முதல் 70 வரை, வெள்ளை பிளாஸ்டிக்கிலோ அலுமினிய டப்பாவிலோ வரும். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அதுவும் லைனில் இருக்கும். ரன் கண்டன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட் கண்டன்சரை மாட்டினால் அது சூடேறி வெடிக்கும். சில மோட்டாரில் இரண்டுமே இருக்கும், இடம் மாறிவிடக் கூடாது.

வோல்டேஜ் எண் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கட்டும், குறையக் கூடாது. லைன் 230தானே என்று ரன் கண்டன்சரை 250 வோல்ட்டில் வாங்காதீர்கள். ஓடும்போது அதன் குறுக்கே லைனைவிட அதிக வோல்டேஜ் நிற்கும். அதனால்தான் 400, 450 என்று அச்சடித்து வருகிறது.

"பெரிசா போட்டா பவர் கூடும்"

கூடாது. காயில்தான் சூடாகும்.

ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போடுவது

என் பணத்தைத் தின்றது இதுதான்.

ஸ்டார்ட் கண்டன்சர் உள்ள மோட்டாரின் பின்மூடிக்குள் ஒரு சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கும். ஷாஃப்ட்டில் ஸ்பிரிங்கும் எடையும் கொண்ட ஒரு காலர், மூடிப் பக்கம் இரண்டு பாயிண்ட், அதாவது தொட்டால் கரண்ட் பாயும் உலோக முனைகள். மோட்டார் முழு வேகத்தில் முக்கால் பங்கை எட்டும்போது எடைகள் விரியும், காலர் நகரும், பாயிண்ட் பிரியும், கண்டன்சரும் ஸ்டார்ட்டிங் காயிலும் லைனை விட்டு விலகும். 50 ஹெர்ட்ஸில் நாலு போல் (நாலு காந்த முனை) மோட்டார் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1100 சுற்றில் இது நடக்க வேண்டும்.

நடக்காவிட்டால்? 150 மைக்ரோ ஃபாரட் வழியாக 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் விடாமல் ஓடும். கண்டன்சர் வெந்து, தலையில் உள்ள அடைப்பு பிய்ந்து, பழுப்பு நிறக் கூழ் வழியும். அடுத்தது ஸ்டார்ட்டிங் காயில். மெல்லிய கம்பி, நிமிடக்கணக்கில் தாங்காது.

லேத் மோட்டாரில் இந்தச் சுவிட்சுக்குத் தனி எதிரி உண்டு. உளி சீவித் தள்ளும் சுருள் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் தேய்க்கும்போது மாவாகப் பறக்கிறதே, அதுதான் மூடியின் துளை வழியே நுழைந்து காலரில் கிரீஸோடு சேர்ந்து பிசினாகும். காலர் பாதியில் நின்றுவிடும். அல்லது பாயிண்டுக்கு நடுவே தூள் உட்கார்ந்து தொடர்பே இருக்காது. அப்போது நல்ல கண்டன்சர் இருந்தாலும் மோட்டார் உறுமும், நீங்கள் வீணாக இன்னொன்று வாங்குவீர்கள்.

என் கதையில் இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. பழைய கண்டன்சரின் இரண்டு முனைக்கும் குறுக்கே குட்டியாக ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்திருந்தது. யாரோ ரிப்பேருக்குப் போட்டது என்று நினைத்து, கண்டன்சரோடு சேர்த்து அதையும் எறிந்துவிட்டேன். ஓட்டத்தின்போது கண்டன்சரில் தங்கும் சார்ஜை மெதுவாக இறக்குவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். அது இல்லாததால், லேத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முழுச் சார்ஜும் பாயிண்டில் தீப்பொறியாக இறங்கியது. முதலில் தூளால் மந்தமாக இருந்த சுவிட்ச், இப்போது பொறி பட்டுப் பட்டு ஒரு நாள் ஒட்டியே போனது. இரண்டாவது கண்டன்சர் வெடித்தது. அப்போதும் மூடியைத் திறக்கவில்லை! மட்டமான சரக்கு என்று விற்றவரைத் திட்டிவிட்டு மூன்றாவதைப் போட்டேன். ஒரு கிண்ணத்தின் வெளிப்பக்கம் கடைந்து முடிவதற்குள் காயிலின் வார்னிஷ் கருகும் வாடை.

தம்பியின் மோட்டாரைத் திறந்தோம். கண்டன்சரை அளந்தால் அச்சிட்ட எண்ணுக்குள்தான் இருந்தது. காலரை விரலால் தள்ளினேன், போன இடத்திலேயே நின்றது. பாயிண்டுக்கு நடுவே புட்டி மாதிரி மரத்தூள். பிரஷால் தட்டி, மெல்லிய அரத்தால் பாயிண்டை இரண்டு இழுப்பு இழுத்து, வெள்ளைத் தாளை நடுவில் வைத்து உருவி எடுத்தோம். எண்ணெய் ஒரு சொட்டுகூட விடவில்லை, விட்டால் அடுத்த தூளைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். பாயிண்ட் உருகி ஒட்டியிருந்தால் சுவிட்சையே மாற்ற வேண்டும்.

சோதிப்பது கஷ்டமில்லை. பிளக் வெளியே, கண்டன்சர் கழன்ற நிலையில் மீட்டரை ஓமில் வைத்துப் பாயிண்டில் பிடியுங்கள். சும்மா இருக்கும்போது பூஜ்யத்தை ஒட்டி, காலரைத் தள்ளினால் முழுதாகத் திறந்து, விட்டால் டக்கென்று பழையபடி. பூட்டிய பிறகு காது போதும். நிறுத்தியதும் வேகம் இறங்கி வரும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சுவிட்ச் விரியவே இல்லை, அல்லது விரிந்தது திரும்பவில்லை. கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளப்பது) இருந்தால் ஸ்டார்ட் கண்டன்சர் ஒயரில் மாட்டுங்கள், ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் கரண்ட் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும்.

கனமான கட்டையோடு உயர் வேகத்தில் ஸ்டார்ட் செய்வது

பெல்ட் உயர் வேகப் புல்லியில் இருந்தால் மோட்டார் முக்கால் வேகத்தைத் தொடவே திணறும். அத்தனை நேரமும் ஸ்டார்ட் கண்டன்சர் லைனில் வேகும். குறைந்த வேகப் புல்லியில் ஆரம்பியுங்கள்.

வேக மாற்றக் குமிழ் உள்ள லேத்திலும் இதையே தேடுவது

அவற்றில் பல டிசி மோட்டாரில் ஓடுபவை. போர்டில் இருக்கும் கண்டன்சர் வேறு ஜாதி.

புதுசு போட்ட சந்தோஷத்தில் ஆன், ஆஃப், ஆன்

ஸ்டார்ட் கண்டன்சருக்குப் பொதுவான கணக்கு மணிக்கு 20 ஸ்டார்ட், ஒவ்வொன்றும் 3 நொடி. தம்பி அன்றைக்கு "டிக்" கேட்கும் ஆசையில் ஐந்தே நிமிடத்தில் பத்துத் தடவை போட்டு அணைத்துவிட்டான். கண்டன்சரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.