காத்து அடிச்சா டெம்பரேச்சர் குறையுமா? ஸ்கூல் கேம்பஸ்ல அளந்து பாக்குறது எப்படி

இந்த ப்ராஜெக்ட் எடுக்குற பசங்க நிறைய பேரு முதல் நாளே தெர்மாமீட்டரோட கிரவுண்டுக்கு ஓடிடுறாங்க. அதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிடுங்க, இல்லன்னா பின்னாடி வர்ற ரீடிங் எதுக்கும் அர்த்தம் புரியாது.

ஒரு தெர்மாமீட்டர காய்ஞ்சபடியே ஃபேனுக்கு முன்னாடி வைங்க, இன்னொன்னோட முனையில ஈரத்துணி சுத்தி பக்கத்துலயே வைங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா காய்ஞ்சது கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்கும், ஈரத்துணி சுத்துனது மட்டும் நல்லா இறங்கியிருக்கும். நமக்கு ஃபேன் காத்துல சில்லுன்னு இருக்குறதுக்கு காரணம் வேர்வை ஆவியாகி உடம்பு சூட்ட எடுத்துட்டுப் போறதுதான், கூடவே நம்ம தோல் பெரும்பாலும் சுத்தி இருக்குற காத்த விட சூடா இருக்கு, அந்த சூட்டையும் காத்து அள்ளிட்டுப் போகுது. தெர்மாமீட்டருக்கு வேர்வையும் இல்ல, காத்த விட அதிகமா சூடும் இல்ல, அப்புறம் எத இழக்கும்?

அப்போ காத்து வெளிய என்னதான் பண்ணுது? கலக்குது. வெயில்ல காயுற சிமெண்ட் தரை, சுவர், தகரக் கூரை எல்லாம் தன்ன ஒட்டி இருக்குற காத்த சூடாக்கும், காத்தோட்டம் இல்லாத மூலையில அந்த சூடு அங்கேயே தேங்கி நிக்கும், வேகமா காத்து அடிக்கிற இடத்துல அது மேல இருக்குற காத்தோட கலந்து போயிடும். உங்க ப்ராஜெக்ட் பிடிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தத்தான்.

இடம் ஒரு ஆறு போதும். ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல இருக்குற சந்து (காத்து அங்க வேகம் பிடிக்கும்), கிரவுண்டு நடுவுல, காம்பவுண்டு சுவர் ஓரம், மரத்தடி, மொட்டை மாடி, மூணு பக்கமும் அடைச்ச முற்றம், இப்படி. ஒவ்வொரு இடத்துலயும் தரை என்ன, வெயிலா நிழலான்னு கண்டிப்பா எழுதிக்கோங்க, ஏன்னா மரத்தடி புல்லையும் வெயில் சிமெண்டையும் வச்சுட்டு வித்தியாசம் காத்தாலன்னு சொன்னா அது தப்பு.

தெர்மாமீட்டர் மேல நேரடி வெயில் படவே கூடாது, பட்டா அது காத்த அளக்காது, தானே சூடாகி அந்த சூட்டக் காட்டும். வானிலை நிலையத்துல வெள்ளைப் பெட்டிக்குள்ள வைக்கிறதும் இதுக்காகத்தான். நீங்க ஒரு வெள்ளை அட்டைய மேல பிடிங்க, காத்து உள்ள போய் வர வழி விடுங்க. தரையில இருந்து 1.5 மீட்டர் உயரம், எல்லா இடத்துலயும் அதே உயரம், உடம்ப விட்டு தள்ளிப் பிடிச்சு ரீடிங் நிலையா நிக்கிற வரைக்கும் மூணு நிமிஷமாவது காத்திருங்க.

காத்து வேகத்துக்கு அனிமோமீட்டர் இருந்தா ஒரு நிமிஷம் முழுக்க பிடிச்சு சராசரி எடுங்க, ஒரு வீச்சுல காட்டுற பெரிய நம்பர எழுதாதீங்க. மீட்டர்/செகண்ட்ல காட்டுனா 3.6 ஆல பெருக்குனா கிலோமீட்டர்/மணி. கருவி இல்லன்னா, கண்ணால பாத்தே காத்து வேகத்த கணிக்கிற போஃபோர்ட் அளவு இருக்கு: முகத்துல காத்து தெரிஞ்சு இலை சலசலத்தா 2 (மணிக்கு 6-11 கி.மீ.), இலையும் சின்னக் குச்சியும் ஆடிக்கிட்டே இருந்தா 3 (12-19), தூசியும் பேப்பரும் பறந்தா 4 (20-28). வானிலை ஆப்ல இருக்குற வேகத்தோட ஒப்பிடாதீங்க, அது பொதுவா 10 மீட்டர் உயரத்துக்கான வேகம், உங்க உயரத்துல குறைவாத்தான் இருக்கும்.

இப்போ எல்லாரும் கோட்டை விடுற விஷயம், நேரம். ஒரே ஒரு தெர்மாமீட்டர வச்சு ஆறு இடம் சுத்தி வர்றதுக்குள்ள வெயிலே ஏறியிருக்கும், கடைசி இடம் சூடா இருந்தது இடத்தாலயா நேரத்தாலயான்னு தெரியாது. 1ல இருந்து 6 வரைக்கும் போயிட்டு, உடனே அதே வேகத்துல 6ல இருந்து 1க்கு திரும்பி வாங்க, ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு ரீடிங் கிடைக்கும், அதோட சராசரிய எடுங்க. அப்போ எல்லா இடத்துக்கும் சராசரி நேரம் ஒண்ணாயிடும். நிறைய தெர்மாமீட்டர் இருந்தா ஒரே நேரத்துல அளக்கலாம், ஆனா முதல்ல எல்லாத்தையும் ஒரே இடத்துல பக்கத்துல பக்கத்துல வச்சு எது எவ்வளவு கூடக் குறைய காட்டுதுன்னு பாத்து அத கழிச்சுக்கணும்.

கிராஃப்ல கீழ காத்து வேகம், பக்கத்துல வெப்பநிலை. புள்ளி மட்டும் வைங்க, கோடு போட்டு இணைக்காதீங்க, வெயில் இடத்துக்கு ஒரு கலர் நிழலுக்கு ஒரு கலர். ஒரு நாள் டேட்டா பத்தாது, காத்து நல்லா அடிக்கிற நாளும் அசையாத நாளும் சேர்த்து குறைஞ்சது அஞ்சு நாளாவது எடுங்க. காத்து வர்ற திசையும் குறிச்சுக்கோங்க (ஒரு ரிப்பன் கட்டுனா போதும்), சூடான சிமெண்ட் மைதானத்தத் தாண்டி வர்ற காத்து அந்த சூட்டையும் கொண்டு வரும்.

முடிஞ்சா சூரியன் வர்றதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு அளந்து பாருங்க, எனக்கு இந்த ப்ராஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச பகுதி இது. மேகம் இல்லாத ராத்திரியில தரை குளிர்ந்து அத ஒட்டுன காத்தும் குளிர்ந்து கீழயே தங்கும், காத்து அடிக்கிற இடத்துல மேல இருக்குற வெதுவெதுப்பான காத்து கலந்துடும். அதனால பகல்ல சூடு தேங்குன மூலை மாதிரியே காத்தோட்டம் இல்லாம, ஆனா மேல வானம் திறந்திருக்குற புல்தரை விடியக்காலைல காத்து அடிக்கிற இடத்த விட ஜில்லுன்னு இருக்க வாய்ப்பு இருக்கு. பகல் கிராஃபையும் விடியக்காலை கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க.