குழுவில் காதுகொடுத்துக் கேட்பது எப்படி? 45 நிமிடப் பயிற்சி

கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பார்த்தால் கேட்பதுபோல்தான் இருக்கும். உள்ளே ஓடுவது வேறு: "இவர் முடித்ததும் நான் இதைச் சொல்ல வேண்டும்."

இதைக் கெட்ட குணம் என்று நினைக்க வேண்டாம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தது. சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். யோசித்து ஒரு வாக்கியம் கட்ட அது போதாது. அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் இங்கே வேலை. நான்கிலிருந்து ஏழு பேர், 45 நிமிடம், கையில் வைத்துக்கொள்ள ஒரு பேனா இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: சின்னக் கேள்வியாக எடுங்கள்

"நம் குழு ஏன் இப்படி இருக்கிறது?" என்று தொடங்கினால் பத்தே நிமிடத்தில் சண்டை. "போன மாதம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறியபோது எங்கே சிக்கியது?" என்று கேட்டால் எல்லோரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இன்று எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்த உரையாடல் முறையில் முடிவெடுப்பதற்கு இடமே இல்லை. வேலை செய்யும் குழு முடிவெடுக்காமல் இருக்க முடியாதுதான். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எடுக்க வேண்டும் என்று வந்தவுடன் ஆளாளுக்குத் தன் கட்சியைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவோம்.

படி 2: ஒரு சுற்று

பேனா வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். பேச விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. குழுத் தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதற்கு ஏற்றபடி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 3: மூன்று நொடி

ஒருவர் முடித்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்தவர் தொடங்கட்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் இதைக் கவனித்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சுமார் ஒரே நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். முதல் நாள் இந்த மூன்று நொடி மூன்று நிமிடம்போல இருக்கும், சிலர் சிரித்துவிடுவார்கள். பரவாயில்லை.

படி 4: திருப்பிச் சொல்லுங்கள்

நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன விதி இது: முன்பு பேசியவர் சொன்னதையும் அவர் உணர்ந்ததையும் அவரே ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகுதான் நம் கருத்தைச் சொல்லலாம்.

ஒருவர் சொல்கிறார்: "அறிக்கையைக் கடைசி நாளில் கேட்டால் எனக்குச் சரிபார்க்க நேரமே இருப்பதில்லை."

"அப்போ நான்தான் தாமதம் பண்றேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டால் கதை முடிந்தது. அவர் சொன்னதையே சொல் மாறாமல் ஒப்பித்தாலும் பயனில்லை, கேலி செய்வதுபோல் இருக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வேலை அதிகம் என்பதைவிட, சரிபார்க்காமல் அனுப்ப வேண்டியிருப்பதுதான் உங்களை உறுத்துகிறது. அப்படித்தானே?"

அவர் சொல்வார்: "கிட்டத்தட்ட. தப்பு வந்தால் என் பெயர்தானே அடிபடும்?"

உண்மையான விஷயம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. நாம் சொன்னது கொஞ்சம் பிசகினாலும் நல்லதே, அவர் திருத்தும்போது இன்னும் தெளிவாகச் சொல்வார். குரலைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் சில முறை நான் "சரியா?" என்று கேட்டது வாத்தியார் கேட்பதுபோல் இருந்ததாக ஒரு சக ஊழியர் பிறகு சொன்னார். வார்த்தை சரிதான், தொனி சரியில்லை.

படி 5: கேள்விக்குள் அறிவுரையை ஒளிக்காதீர்கள்

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும்.

படி 6: இடது பக்கம்

இது தனியாகச் செய்ய வேண்டியது. கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற நிர்வாகவியல் அறிஞர் பயன்படுத்திய முறை. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். சமீபத்தில் மனதை உறுத்திய ஓர் உரையாடலை நினைத்துக்கொண்டு, வலது பக்கத்தில் பேசியதை எழுதுங்கள். இடது பக்கத்தில், நினைத்தும் சொல்லாமல் விட்டதை எழுதுங்கள். வலதில் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்றிருக்கும் இடத்தில் இடதில் "இது நடக்கவே நடக்காது" என்றிருக்கும். தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரியை, யாரையும் குத்தாமல் சொல்லக்கூடிய வடிவத்துக்கு மாற்றி அடுத்த சுற்றுக்குக் கொண்டுவாருங்கள்: "இந்தத் தேதியில் முடியும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் சொல்லட்டுமா?"

வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செய்து பாருங்கள். நடுவில் பிரச்சினைகள் கூடிவிட்டதுபோல் தோன்றும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிழையைப் பயமில்லாமல் வெளியே சொன்னதுதான் அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். உங்கள் குழுவிலும் யாராவது முதல்முறையாக ஒரு தவறை ஒப்புக்கொள்வார். அப்போது எல்லோரும் தலைவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தலைவர் நீங்கள் என்றால், "நல்லவேளை சொன்னீர்கள்" என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணுங்கள்.